ஸ்டிக்கருக்கு வெட்டுக் கோடு போடுவது எப்படி? தமிழ் எழுத்தை வைத்தே ஒரு முழுமையான வழிகாட்டி

கஜூ பக்கெட், தேன் போத்தல், தயிர்ச்சட்டியின் மேல் மூடி, ஓட்டோவின் பின்கண்ணாடி, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகளின் லெப்டொப் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டாத இடம் குறைவு. படம் வடிவமைக்கத் தெரிந்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினால் அங்கிருந்து வருகிற முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "படம் வடிவா இருக்கு தம்பி, மறுகா வெட்டுக் கோடு எங்க?"

அச்சு மெசினுக்கு வேண்டியது நிறம். வெட்டும் மெசினுக்கு நிறம் தேவையில்லை, படம் தேவையில்லை. கத்தி போக வேண்டிய ஒரு கோடு மட்டும் போதும். அந்தக் கோட்டை நாம் தராவிட்டால் அச்சகத்தில் இருப்பவர் அவசரத்தில் ஒரு சதுரத்தையோ வட்டத்தையோ போட்டு வெட்டித் தருவார். படத்தின் வடிவத்திலேயே ஸ்டிக்கர் வேண்டுமென்றால் கோடு நம் வேலை.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. வெட்டுக் கோடு என்பது படத்தின் ஓரத்தை அப்படியே பிரதி எடுப்பது அல்ல. படத்தின் ஓரம் கண்ணுக்காக வரைந்தது. வெட்டுக் கோடு கத்திக்கும், ஸ்டிக்கரை உரிக்கிற விரலுக்கும், வெயிலில் கிடக்கிற ஓரத்துக்குமாக வரைவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகும், ஆனால் ஒன்றல்ல. ஆங்கில எழுத்தை வைத்துச் செய்த காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் தமிழ்ப் பெயருக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான். தமிழில் புள்ளி இருக்கிறது, கொம்பு இருக்கிறது, ப மாதிரி வாய் திறந்த எழுத்து இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தே போகிறது: மேலே ஒரு பாடும் மீன், கீழே "மட்டக்களப்பு" என்ற பெயர். முழு அகலம் 80 மில்லிமீற்றர்.

கணினியைத் தொடும் முன்

நான்கு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிது? எதில் ஒட்டப் போகிறது? சுற்றி வெள்ளை ஓரம் வேண்டுமா, அல்லது நிறம் விளிம்பு வரை போக வேண்டுமா? கிஸ் கட்டா, டை கட்டா?

கிஸ் கட் என்றால் கத்தி மேலே உள்ள வினைலை (பசை தடவிய பிளாஸ்டிக் படலத்தை) மட்டும் வெட்டும், பின்தாள் வெட்டுப்படாது. ஒரு தாளில் பத்து ஸ்டிக்கர் நிற்கும், ஒவ்வொன்றாக உரிக்கலாம். டை கட் என்றால் பின்தாளோடு சேர்த்தே வெட்டுப்பட்டு ஒவ்வொன்றும் தனியாகக் கையில் வரும். விற்பனைக்கு வைப்பவர்கள் டை கட் கேட்பார்கள். பக்கெட்டில் ஒட்டப் போகிறவர்களுக்குக் கிஸ் கட்தான் வசதி, உரிப்பது சுலபம். இரண்டும் ஒரே தாளில் வேண்டுமென்றால் இரண்டு கோடு, இரண்டு நிறம்.

ஒட்டும் இடத்தைப் பற்றி ஒன்று. மண் சட்டியின் பக்கவாட்டில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. மண் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், பசை பிடிக்காது. தயிருக்கு என்றால் மூடியில் ஒட்டுவதுதான் வழி. குளிர்ப்பெட்டிக்குள் போகிற எதற்கும் தாள் ஸ்டிக்கர் கேட்காதீர்கள், வினைல் கேளுங்கள்.

வெள்ளை ஓரம் பற்றி என் அபிப்பிராயம்: முதல் முதல் செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை ஓரம் வைக்கலாம். அச்சடித்த தாளை மெசினில் போட்டு வெட்டும்போது அரை மில்லிமீற்றர் அப்படி இப்படி நகர்வது சாதாரணம். வெள்ளை ஓரம் இருந்தால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. நிறம் விளிம்பு வரை போகிற வடிவமென்றால் அதே அரை மில்லிமீற்றர் ஒரு பக்கம் வெள்ளைக் கீறலாக நிற்கும். நம் உதாரணத்துக்கு 3 மில்லிமீற்றர் வெள்ளை ஓரம் வைத்துக்கொள்வோம். அப்படியானால் படம் 74 மில்லிமீற்றர், இரண்டு பக்கமும் மூன்று மூன்று சேர்ந்து 80.

எந்த மென்பொருள்

இன்க்ஸ்கேப் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். வீட்டிலிருந்து செய்பவர்களுக்கு அதுவே போதும் என்பதால் படிகளை அதில் சொல்கிறேன். கோரல் ட்ரோவிலும் இலஸ்ட்ரேட்டரிலும் இதே வேலைக்கு என்ன பெயர் என்பதை அப்புறம் தருகிறேன். போட்டோஷொப்பில் மட்டும் இந்த வேலையைச் செய்யப் போகாதீர்கள். அது பிக்சலுக்கான கருவி, நமக்கு வேண்டியது பாத், அதாவது கத்தி பின்தொடரக்கூடிய கோடு.

எழுத்தை வடிவமாக்குவது

மீனும் பெயரும் தயாரானதும் எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஒரு பிரதி எடுங்கள், கன்ட்ரோல் டி. லேயர் பலகத்தில் "வெட்டு" என்று புதிதாக ஒரு லேயர் போட்டுப் பிரதியை அதில் வையுங்கள். பழைய லேயரைப் பூட்டிவிடுங்கள். இனிச் செய்வது எல்லாம் பிரதியில்தான்; மூலப்படத்தை யாரும் தொடப் போவதில்லை.

பிரதியில் உள்ள எழுத்தைத் தெரிவுசெய்து பாத் மெனுவில் ஒப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. இப்போது அது எழுத்தல்ல, வெறும் வடிவம். இனித் தட்டச்சுத் திருத்தம் கிடையாது. எழுத்துப்பிழை பார்ப்பதென்றால் இதற்கு முன் பார்த்துவிடுங்கள். மட்டக்களப்பு என்பதில் மூன்று மெய்யெழுத்து, மூன்று புள்ளி: ட், க், ப். மூன்றும் இருக்கிறதா?

எழுத்துரு பாமினியாக இருந்தால் இங்கே ஒரு சின்ன வேலை உண்டு. பாமினியில் புள்ளி தனி விசையில் அடிக்கப்படுவதால் வடிவமாக்கியதும் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டாக வரும். யூனிகோட் எழுத்துருவில் புள்ளியும் எழுத்தும் அநேகமாக ஒரே துண்டுக்குள் இருக்கும். எப்படி வந்தாலும் குறூப்பைக் கலைத்து, எல்லாவற்றையும் தெரிவுசெய்து, பாத் மெனுவில் யூனியன் கொடுங்கள். கன்ட்ரோலும் கூட்டல் குறியும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற கோடுகள் எல்லாம் கலந்து ஒரே வடிவமாகிவிடும்.

இந்த யூனியனை விட்டுவிடாதீர்கள். சில எழுத்துருக்களில் டி, கு, பு மாதிரி எழுத்துகளில் விசிறியும் வாலும் மூல எழுத்தின்மேல் ஏறி நிற்கும். திரையில் எல்லாம் கறுப்பாக இருப்பதால் தெரியாது. வியூ மெனுவில் அவுட்லைன் முறைக்குப் போனால்தான் எழுத்துக்குள்ளே கோடு குறுக்கே ஓடுவது தெரியும். கத்தி அந்தக் கோட்டையும் விட்டுவைக்காது.

கோட்டை வெளியே தள்ளுவது

கறுப்பு வடிவத்தைத் தெரிவுசெய்து ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகத்தைத் திறங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப். ஸ்ட்ரோக்குக்கும், அதாவது வடிவத்தைச் சுற்றி ஓடுகிற ஓரக்கோட்டுக்கும், கறுப்பு கொடுங்கள். ஸ்ட்ரோக் ஸ்டைலில் அகலத்தை மில்லிமீற்றரில் இடுங்கள், ஜொயின் (மூலை) வகையை வட்டமானதாக வையுங்கள். வடிவம் வீங்கி, வெட்டப்போகிற ஓரம் கண்முன்னே தெரியும். இதனால்தான் எனக்கு இந்த முறை பிடிக்கும். எண்ணை ஏற்றி இறக்கி உடனுக்குடன் பார்க்கலாம்.

ஸ்ட்ரோக் கோட்டின் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக நிற்கும். 3 மில்லிமீற்றர் ஓரம் வேண்டுமென்றால் 6 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக். ஒருமுறை 6 போட்டுப் பாருங்கள். மட்டக்களப்பு என்ற சொல்லில் என்ன நடக்கிறது என்று கிட்டப் பார்ப்போம்.

முதலில் புள்ளி. ட் மேல் இருக்கிற புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் 2 மில்லிமீற்றர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், புள்ளி கீழே 3 வளரும், எழுத்து மேலே 3 வளரும். இரண்டும் தாராளமாக ஒட்டிக்கொள்ளும். கணக்கு இதுதான்: இடைவெளி, ஓரத்தின் இரண்டு மடங்கைவிடக் குறைவாக இருந்தால் ஒட்டும். கூடினால் புள்ளி தனித் தீவாக வெட்டுப்பட்டு, உரிக்கும்போது பின்தாளிலேயே தங்கிவிடும். அப்போது பக்கெட்டில் ஒட்டுவது "மடடக்களப்பு". இரண்டும் பட்டும் படாமல் ஒட்டினால் இன்னொரு தொல்லை: நடுவில் மெல்லிய கழுத்து. 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த கழுத்து விரல் பட்டதும் மடியும்.

அடுத்தது ப. மேல் வாய் திறந்த எழுத்து. உள் அகலம் 7 மில்லிமீற்றர் என்றால் இடப்பக்கச் சுவரிலிருந்து 3, வலப்பக்கச் சுவரிலிருந்து 3 உள்ளே வந்து நடுவில் 1 மில்லிமீற்றர் சந்து மிஞ்சும். கத்தி அந்தச் சந்துக்குள் இறங்கி, அடியில் திரும்பி, மேலே ஏறி வர வேண்டும். வினைல் அங்கே கிழியும், அல்லது அந்த மெல்லிய துண்டு பிசுபிசுவென்று ஸ்டிக்கரோடேயே ஒட்டிக்கொண்டு வரும். ட, ப, ய, வ வருகிற எல்லாப் பெயரிலும் இந்தச் சந்து இருக்கும். ஆங்கில யூ, வி எழுத்துகளிலும் உண்டு, ஆனால் தமிழில் அடிக்கு ஒரு தடவை வரும்.

மூன்றாவது, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலும் மீனுக்கும் பெயருக்கும் நடுவிலும் அடைபட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். இவற்றில் மிஞ்சுபவை பிறகு தனியாக அடைக்கப்பட வேண்டியவை.

வெளியே 5, உள்ளே 2

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். 3 வேண்டுமென்றால் நேராக 3 போகாதீர்கள். முதலில் 5 மில்லிமீற்றர் வெளியே தள்ளுங்கள், அப்புறம் 2 மில்லிமீற்றர் உள்ளே இழுங்கள். முடிவில் ஓரம் 3தான். ஆனால் நடுவில் 5 வரை போய் வந்ததால் 10 மில்லிமீற்றருக்குக் குறைந்த சந்துகள் எல்லாம் மூடிக்கொண்டுவிட்டன. ப எழுத்தின் மேல்வாயில் இப்போது சந்து இல்லை, மெல்லிய ஒரு பள்ளம் மட்டும். புள்ளியின் கழுத்தும் தடித்துவிட்டது.

இன்னொரு நன்மையும் உண்டு. வெளியே தள்ளும்போது வெளிமூலைகள் மட்டும்தான் வட்டமாகும். உள்ளே மடங்குகிற மூலைகள் கூராகவே நிற்கும். திரும்ப உள்ளே இழுக்கும்போது அந்த உள்மூலைகளும் 2 மில்லிமீற்றர் ஆரத்தில் வட்டமாகிவிடும். கத்திக்கும் அதுதான் பிடிக்கும்.

செய்யும் விதம்: ஸ்ட்ரோக் அகலத்தை 10 மில்லிமீற்றராக்குங்கள். பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுங்கள். கன்ட்ரோல், ஓல்ட், சி. உள்நிறமும் ஸ்ட்ரோக்கும் தனித்தனியாகக் குறூப்பில் வந்தால் குறூப்பைக் கலைத்து மறுபடி யூனியன். ஒரே கறுப்பு உருவம் நிற்கும்.

ஓட்டைகள் இன்னும் இருக்கலாம். பாத் மெனுவில் பிரேக் அபார்ட் கொடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், கே. ஓட்டைகள் எல்லாம் தனித்தனிக் கறுப்புத் துண்டாகிவிடும். எல்லாவற்றையும் தெரிவுசெய்த நிலையிலேயே யூனியன். ஓட்டைகள் வெளி உருவத்துக்குள் கரைந்து போகும், வெளிக்கோடு மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு ஓட்டையையும் தேடித் தேடி அழிக்க வேண்டியதில்லை.

இனி உள்ளே இழுப்பது. பாத் எஃபெக்ட்ஸ் பலகத்தில் ஆஃப்செட் என்ற விளைவைச் சேர்த்து, அலகை மில்லிமீற்றராக்கி, அளவுக்குக் கழித்தல் 2 கொடுங்கள், ஜொயின் வட்டம். பார்த்துத் திருப்தி என்றால் ஒப்ஜெக்ட் டு பாத் கொடுத்து நிரந்தரமாக்குங்கள். விளைவை அப்படியே விட்டுவிட்டு அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்; வேறு மென்பொருளில் திறக்கும்போது பழைய கோடு தலைகாட்டலாம்.

இந்த 5, 2 என்பது வேதவாக்கல்ல. 40 மில்லிமீற்றர் சின்ன ஸ்டிக்கர் என்றால் 3 வெளியே, 1 உள்ளே போதும். ஓட்டோவின் பின்பக்கம் போகிற பெரிய ஸ்டிக்கருக்கு 12, 5 என்று போகலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். மீனின் வால் வால் மாதிரித் தெரிய வேண்டும். அதிகமாகத் தள்ளினால் எல்லாப் படமும் கடைசியில் ஒரு கிழங்கு வடிவத்துக்கு வந்துவிடும்.

நோட்களைக் குறைப்பது

தெரிவுக் கருவியோடு கோட்டைத் தொட்டால் கீழ்ப் பட்டையில் அதில் எத்தனை நோட் (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிற புள்ளி) என்று தெரியும். ஸ்ட்ரோக்கைப் பாத்தாக மாற்றும்போது நூற்றுக்கணக்கில் நோட் குவிவது வழக்கம். நோட் நெருங்கி நெருங்கி இருந்தால் கத்தி ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கிப் போகும். வளைவு வழவழப்பாக இருக்காது.

பாத் மெனுவில் சிம்ப்ளிஃபை, கன்ட்ரோல் எல். ஒரே ஒரு தடவை. அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் முன்னையதைவிடக் கடுமையாக வேலை செய்து வடிவத்தைக் குழப்பும். ஒருமுறை கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடங்களை நோட் கருவியால் கையாலேயே சுத்தம் செய்வது நல்லது. நேர்கோட்டில் நடுவே நிற்கிற நோட், ஒன்றின்மேல் ஒன்று விழுந்த நோட், கூர்மையாகக் குத்திக்கொண்டு நிற்கிற நோட் மூன்றையும் தேடுங்கள். மீன் வாலின் நுனி மாதிரி இடங்கள் ஊசியாக இருந்தால் வட்டமாக்குங்கள். கடற்கரைப் பக்கத்து வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஸ்டிக்கர் முதலில் எழும்புவது கூர் மூலையில்தான்.

ஒரு சோதனை: சாதாரணத் தாளில் கோட்டோடு சேர்த்து அதே அளவில் அச்சடித்துக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாருங்கள். கை எங்கே தடுக்கிறதோ அங்கே கத்தியும் தடுக்கும். அளவு சரியா, 80 என்று நினைத்தது உண்மையில் பக்கெட்டில் எப்படி நிற்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

கோரல் ட்ரோவிலும் இலஸ்ட்ரேட்டரிலும்

நம் பக்கத்து அச்சகங்களில் கோரல் ட்ரோ பரிச்சயமான பெயர். அங்கே எழுத்தைக் கன்ட்ரோல் கியூ கொடுத்து வளைகோடாக்குங்கள். எல்லாவற்றையும் தெரிவுசெய்து பவுண்டரி கட்டளை கொடுத்தால் வெளிக்கோடு தனியாக வரும். அதன்மேல் கொன்டூர் பலகம், கன்ட்ரோல் எஃப் 9: வெளிப்பக்கம், ஒரே படி, வட்ட மூலை, 5 மில்லிமீற்றர். கன்ட்ரோல் கே கொடுத்துப் பிரித்து, அதற்கு உள்பக்கக் கொன்டூர் 2 மில்லிமீற்றர், மறுபடி பிரித்து நடுவில் பிறந்த பழையவற்றை அழித்துவிடுங்கள். பழையது ஒன்று அடியில் கிடந்தால் இரண்டு தடவை வெட்டுப்படும்.

இலஸ்ட்ரேட்டரில் எழுத்துக்கு கிரியேட் அவுட்லைன்ஸ், பாத்ஃபைண்டரில் யூனைட், ஒப்ஜெக்ட் மெனுவில் பாத், ஆஃப்செட் பாத், 5 மில்லிமீற்றர், ஜொயின் ரவுண்ட். அப்புறம் கொம்பவுண்ட் பாத்தை ரிலீஸ் செய்து மறுபடி யூனைட் கொடுத்தால் ஓட்டைகள் அடையும். கழித்தல் 2க்கு இன்னொரு ஆஃப்செட். இதுவும் பழைய கோட்டை விட்டுவைக்கும், அழிக்க மறக்க வேண்டாம். தமிழ் யூனிகோட் எழுத்தை இதில் தட்டச்சுச் செய்யும் முன் செட்டிங்கில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்குங்கள். இல்லாவிட்டால் கெ, கொ எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும், அதை வடிவமாக்கிய பிறகு சரிசெய்வது பெரிய தலையிடி.

லோகோ வட்ஸ்அப்பில் வந்தால்

வாடிக்கையாளர் அனுப்புவது அநேகமாக வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த ஒரு படம்தான். முதலில், படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. பின்னணி இல்லாத பிஎன்ஜி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

படத்தின் வெளி உருவம் மட்டும் வேண்டுமென்றால் இன்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் பிட்மப் போதும். ஒற்றை ஸ்கான், வெளிச்ச வரம்பை ஏற்றி இறக்கி, உருவம் முழுதும் கறுப்பாகும்வரை பாருங்கள். உள்ளே என்ன ஓட்டை இருந்தாலும் கவலையில்லை, மேலே சொன்ன பிரேக் அபார்ட், யூனியன் அடைத்துவிடும். படத்தின் கீழே மங்கலான நிழல் இருந்தால் ட்ரேஸ் செய்யும் முன் நீக்குங்கள். நிழலின் ஓரத்தைக் கணினி ஆயிரம் பல்லாக வெட்டி வைக்கும்.

ஆளின் போட்டோ என்றால் ட்ரேஸை மறந்துவிட்டு பென் கருவியால் கையால் வரையுங்கள். தலைமுடியின் ஒவ்வொரு இழையையும் கத்தி பின்தொடர வேண்டிய அவசியம் இல்லை. பத்துப் பதினைந்து நோட்டில் தலையும் தோளும் வந்துவிடும். கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களை வைத்து ஸ்டிக்கர் செய்கிறவர்களுக்கும் இதே புத்திமதிதான்: சட்டங்களுக்கு நடுவில் உள்ள முக்கோண ஓட்டைகள் அச்சில் மட்டும் இருக்கட்டும், வெட்டுக் கோடு பாலத்தின் வெளி விளிம்போடு போகட்டும்.

நிறம் விளிம்பு வரை போக வேண்டுமானால்

வெட்டுக் கோட்டைப் பிரதியெடுத்து 2 மில்லிமீற்றர் வெளியே தள்ளி, பின்னணி நிறத்தை நிரப்பி, படத்துக்கு அடியில் வையுங்கள். நிறம் கோட்டைத் தாண்டி அச்சாகும், கத்தி நிறத்துக்குள்ளேயே ஓடும். அதுபோலவே முக்கியமான எழுத்து எதுவும் கோட்டுக்கு உட்பக்கம் 2 மில்லிமீற்றருக்குள் வராமல் பாருங்கள். படத்தைச் சுற்றி மெல்லிய ஒரு நிறச் சட்டகம் போட்டு, அதன் ஓரத்திலேயே வெட்டுக் கோடு போடுவது மட்டும் வேண்டாம். கால் மில்லிமீற்றர் நகர்ந்தாலும் சட்டகம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து நிற்கும்.

அச்சில்லாத வினைல் எழுத்து

ஓட்டோக் கண்ணாடியில் ஒரே நிறத்தில் வெட்டி ஒட்டுகிற பெயர் வேறு கதை. அங்கே அச்சு இல்லை, வினைலையே எழுத்தாக வெட்டுகிறோம். ஓட்டைகளை அடைக்கக் கூடாது, எழுத்தின் ஓரமே வெட்டுக் கோடு, ஆஃப்செட் வேண்டாம். யூனியன் மட்டும் கட்டாயம். தேவையில்லாத வினைலை உரித்து எடுக்கும்போது சின்னப் புள்ளிகளும் சேர்ந்து வந்துவிடும். அதனால் புள்ளியின் விட்டத்தை எழுத்தின் கோட்டுத் தடிப்பைவிடக் கொஞ்சம் பெருப்பித்து வையுங்கள். கண்ணாடிக்கு உட்பக்கமாக ஒட்டுவதென்றால் முழுவதையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும்.

ஒரு தாளில் எத்தனை

ஏ3 தாள் 297க்கு 420 மில்லிமீற்றர். மெசின் தாளைப் பிடிக்கவும், இடத்தைக் கண்டுபிடிக்கும் கறுப்பு அடையாளங்கள் அச்சிடவும் சுற்றிலும் 15 விட்டுவிட்டால் மிஞ்சுவது 267க்கு 390. ஸ்டிக்கருக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே 4 வைத்துக்கொண்டால் 60 மில்லிமீற்றர் வட்டம் குறுக்கே 4, நெடுக்கே 6, மொத்தம் 24 கொள்ளும். அதையே 50 ஆக்கினால் 5க்கு 7, மொத்தம் 35. காசு தாளுக்குத்தான் என்றால் இந்தப் பத்து மில்லிமீற்றரை வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்ப்பது தப்பில்லை.

அடையாளங்களை நீங்களாகப் போடாதீர்கள். ஒவ்வொரு மெசினுக்கும் அது வேறு. அச்சகத்து மென்பொருளே போட்டுக்கொள்ளும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் போதும்.

கோப்பை ஒப்படைப்பது

கோட்டுக்கு உள்நிறம் வேண்டாம். ஸ்ட்ரோக் மட்டும், மெல்லியதாக, கால் பொயின்ட் அளவில். படத்தில் எங்குமே இல்லாத நிறமாக இருக்கட்டும், மஜென்டா வழக்கம். லேயர்கள் தனித்தனி: படம், வெட்டு.

அச்சகத்தில் ரோலண்ட் மெசின் என்றால் அதன் வர்சாவேர்க்ஸ் மென்பொருள் வெட்டுக் கோட்டை நிறத்தால் அல்ல, ஸ்பொட் நிறத்தின் (தனிப் பெயர் வைத்துச் சேமிக்கிற நிறத்தின்) பெயரால்தான் அடையாளம் காணும். அந்தப் பெயர் கட்கொன்டூர் (CutContour): ஆங்கிலத்தில், நடுவில் இடைவெளி விடாமல், இரண்டு சி எழுத்தும் பெரிய எழுத்தாக. ஓர் எழுத்து மாறினாலும் கோடு வெட்டுப்படாது, மஜென்டா நிறத்தில் அச்சாகி வரும். இலஸ்ட்ரேட்டரிலும் கோரல் ட்ரோவிலும் இந்த ஸ்பொட் நிறத்தை நீங்களே உருவாக்கலாம். இன்க்ஸ்கேப்பிலிருந்து போகிற பிடிஎஃபில் சாதாரண நிறம்தான் போகும், ஆகவே "வெட்டு லேயரில் உள்ள மஜென்டாக் கோட்டை ஸ்பொட்டாக மாற்றுங்கள்" என்று செய்தியில் எழுதி அனுப்புங்கள். அவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

எஸ்விஜியாக அனுப்பினால் அளவில் ஏமாற்றம் வரும். ஒரு அங்குலத்துக்கு இலஸ்ட்ரேட்டர் 72 என்று எண்ணுகிறது, இன்க்ஸ்கேப் 96 என்று எண்ணுகிறது. இலஸ்ட்ரேட்டரில் 60 மில்லிமீற்றராகச் செய்த எஸ்விஜி இன்க்ஸ்கேப்பில் 45ஆகச் சுருங்கித் திறப்பது இதனால்தான். பிடிஎஃப் அனுப்புங்கள், கூடவே "வெட்டுக் கோட்டின் அகலம் 80 மில்லிமீற்றர்" என்று எண்ணையும் எழுதிவிடுங்கள்.

லெமினேஷன் (அச்சின்மேல் ஒட்டுகிற தெளிந்த படலம்) கேட்கிறீர்களென்றால் வரிசை இது: அச்சு, லெமினேஷன், அப்புறம் வெட்டு. இக்கோ சொல்வென்ட் மையில் அடித்த வினைலை ஒரு நாளாவது ஆறவிட்டு லெமினேட் பண்ணுவது நல்லது. மை முழுதாகக் காயாமல் மூடினால் ஓரம் சுருளும். நாளைக்கே வேண்டும் என்று அச்சகத்தை நெருக்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குள் தாள் ஸ்டிக்கர் அடிக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஈரத்தில் தாள் நெளியும், நெளிந்த தாளில் மெசின் அடையாளத்தைத் தவறாகப் படிக்கும். அந்த மாதங்களில் ஓரத்தை 3க்குப் பதில் 4 வைத்தால் நிம்மதி.

முழுத் தொகையும் ஓடும் முன் ஒரு தாள் மட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். ஒன்றை உரித்துப் பாருங்கள். புள்ளி எழுத்தோடு வருகிறதா? சுற்றிலும் ஓரம் ஒரே அளவா? ஏதாவது மூலை உரியும்போது பின்தாளைப் பிடித்துக்கொண்டு கிழிகிறதா? கிழிந்தால் கோட்டில் அந்த மூலையை வட்டமாக்குங்கள். எல்லா மூலையிலும் ஒரே மாதிரிச் சின்னக் கொக்கி நின்றாலோ, கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராமல் இருந்தாலோ உங்கள் கோட்டைத் தொடாதீர்கள். மெசினில் கத்தியின் ஆஃப்செட் அளவு, அதாவது கத்தி முனைக்கும் அது சுழலும் மையத்துக்கும் உள்ள தூரம், மாறியிருக்கும். சாதாரணக் கத்திக்கு அது 0.25 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், அச்சகத்தில் சொன்னால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.